பிள்ளைக்கு டாக்டர் வேண்டும்
ஏனாத்தூரில் தறிக்காரர் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி போயிற்று. காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையில், வியர்வையில் நனைந்த ஓ.பி. சீட்டும் தோளில் துவண்ட பிள்ளையுமாகத் தாய் நிற்க வேண்டும். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது மத்திய அரசின் விதி; குழந்தை மருத்துவர் பணியிடமோ 1,20,000 பேருக்கான சமுதாய நல மையத்தில்தான் வருகிறது. அதுவும் காலியாக இருந்தால் மொத்தக் கூட்டமும் மாவட்டத் தலைநகருக்குத்தான். நோய் முற்றினால் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. வரிசையில் நிற்பவர்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வது செவிலியர்கள்; தவறு அவர்களுடையதல்ல. ஒரு மருத்துவர் ஓய்வுபெறும் தேதி அரசுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நாற்காலி ஒருநாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது. குழந்தை மருத்துவர் இடங்களை முதலில் நிரப்புங்கள்.