டெல்டா மேனேஜருக்கு டாக்டர் பட்டம்: ஆய்வறிக்கை அலமாரிக்கா, ஆலைக்கா?

தஞ்சை, திருவாரூர் பக்கம் அரிசி ஆலை நடத்துபவர்கள், உரக் கம்பெனி மேலாளர்கள், வங்கி அதிகாரிகள், கூட்டுறவுத் துறையில் இருப்பவர்கள் எனப் பலருக்கும் 40 வயதைத் தாண்டியதும் ஓர் ஆசை வருகிறது. "எம்பிஏ முடிச்சு இருபது வருஷம் ஆச்சு. பேருக்கு முன்னால ஒரு டாக்டர் போட்டுக்கலாமே" என்பதுதான் அது. ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வறிக்கை யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதைப் பணம் கட்டும் முன்பே யோசிக்க வேண்டும்.

டிபிஏ என்றால் என்ன?

'டாக்டர் ஆஃப் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' என்பதன் சுருக்கம்தான் டிபிஏ. வேலையில் இருந்துகொண்டே படிக்கும் தொழில்சார் முனைவர் பட்டம். பிஎச்டி ஆய்வாளர் பெரும்பாலும் புத்தகங்களில் உள்ள ஒரு இடைவெளியிலிருந்து தொடங்குகிறார். புதிய கோட்பாடு ஒன்றைச் சேர்ப்பது அவர் இலக்கு. டிபிஏ ஆய்வாளர் தன் தொழிலில் தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலிலிருந்து தொடங்குகிறார். கோட்பாட்டை வைத்து அதை ஆராய்ந்து, தொழில் நடக்கும் விதத்தில் ஒரு மாற்றத்தைக் காட்ட வேண்டும். ஆராய்ச்சியின் கண்டிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்தியாவில் இன்னொரு வழியும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி, வேலை பார்க்கும் இடத்தில் ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்கிக்கொண்டு பகுதிநேரமாகப் பிஎச்டி செய்யலாம். எந்த வழியில் போனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து எட்டெக் கம்பெனிகள் நடத்தும் ஆன்லைன் பிஎச்டி படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழுவும் ஏஐசிடிஇ-யும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன. விளம்பரத்தில் டிபிஏ என்று போட்டிருந்தாலும், பட்டத்தை யார் தருகிறார்கள், அது எங்கே செல்லும் என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள்.

தலைப்பில்தான் முதல் சறுக்கல்

'தஞ்சாவூர் மாவட்டத்தில் வாடிக்கையாளர் திருப்தி - ஓர் ஆய்வு'. இப்படி ஒரு தலைப்பு. 'முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்' என்பதில் தொடங்கி ஐந்து கட்டங்கள் போட்ட ஒரு வினாத்தாள். தெரிந்தவர்களிடம் கொடுத்து நிரப்பி வாங்கிய சில நூறு படிவங்கள். கணினியில் போட்டு எடுத்த அட்டவணைகள். கடைசியில், 'சேவையை மேம்படுத்த வேண்டும்' என்று ஒரு பரிந்துரை. இதைச் சொல்ல மூன்று வருஷம் எதற்கு? டீக்கடையில் கேட்டால் மூன்று நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

டெல்டாவில் கேள்விக்குப் பஞ்சமே கிடையாது. ஈர நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று முட்டும் ஐப்பசியில், அந்த வரம்புக்குள் நெல்லைக் கொண்டுவருவது விவசாயிக்குப் பெரும்பாடு. 2025 அக்டோபரில் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் நனைந்து முளைவிட்டதைப் பார்த்தோம். வரம்பை 22 சதவீதமாக்கச் சொல்லித் தமிழக அரசு கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துப் போயின.

இதில் வணிக நிர்வாகம் எங்கே இருக்கிறது? ஒரு சின்னக் கணக்கு. 40 கிலோ மூட்டையில் 22 சதவீதம் ஈரம் என்றால், ஈரம் நீங்கலாக உள்ளது 31.2 கிலோ. அதையே 17 சதவீதத்துக்கு உலர்த்தினால் மூட்டை சுமார் 37.6 கிலோவாகிவிடும். மூட்டைக்கு 2.4 கிலோ காணோம். ஆயிரம் மூட்டைக்குக் கிட்டத்தட்ட 60 மூட்டை எடை. இந்த இழப்பு யார் கணக்கில் விழுகிறது? விவசாயியா, நிலையத்தின் பட்டியல் எழுத்தரா, நுகர்பொருள் வாணிபக் கழகமா, அரவை ஆலையா? லாரி இரண்டு நாள் தாமதமானால் அது எப்படி மாறுகிறது? ஆலையில் உலர்த்தி வாங்கிப் போட்டால் எத்தனை வருஷத்தில் முதல் திரும்பும்? இதில் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்து ஆழமாகத் தோண்டினால், அதுவே உருப்படியான டிபிஏ ஆய்வு.

நம்ம ஊரிலேயே முன்னோடி இருக்கு

1960-களில் தஞ்சை மாவட்டத்தில் 'பேக்கேஜ் திட்டம்' என்ற தீவிர வேளாண் திட்டம் வந்தது. விளைச்சல் கூடியது, மழைக்காலத்தில் அறுத்த ஈர நெல்லை என்ன செய்வது என்ற தலைவலியும் கூடவே வந்தது. திருவாரூர் நவீன அரிசி ஆலையோடு ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடம் அந்தத் தலைவலிக்காகவே தொடங்கியது. அதுதான் நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, இன்று தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் 'நிஃப்டெம்' என்ற தேசிய நிறுவனமாக நிற்கிறது. ஆலையில் பிறந்த கேள்வி, ஒரு நிறுவனத்தையே உருவாக்கியிருக்கிறது.

உள்ளே இருப்பவரின் சங்கடம்

டிபிஏ எழுதுபவருக்கு ஒரு பெரிய வசதி: கொள்முதல் ரிஜிஸ்டர், எடைச்சீட்டு, லாரி வந்த நேரம், அரவைக் கணக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வெளியாள் இதைப் பார்க்க வருஷக்கணக்கில் அலைய வேண்டும். சிக்கலும் அங்கேதான். "எடையில பிரச்சினை இருக்கா?" என்று முதலாளி கேட்டால் சுமை தூக்கும் தொழிலாளி என்ன சொல்வார்? "இல்லீங்க ஐயா" என்பார். அதைப் பதிலென்று எழுதிக்கொண்டால் ஆய்வு அங்கேயே முடிந்தது.

ஆகவே பேட்டியை வேறொருவரை விட்டு எடுக்கச் சொல்லலாம். ஆட்கள் சொன்னதை ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தான் யார், இதில் தனக்கு என்ன லாபம் என்பதை அறிக்கையிலேயே திறந்து எழுத வேண்டும். பெயரை மறைப்பதும் முக்கியம். கேத்லீன் கஃப் ஆராய்ந்த 'கும்பாபேட்டை'யும், ஆந்த்ரே பெத்தேல் 1965-ல் புத்தகமாக்கிய 'ஸ்ரீபுர'மும் தஞ்சை கிராமங்கள்தான், இரண்டுமே புனைபெயர்கள். வந்துபோகும் ஆய்வாளர்களே அவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்றால், அதே ஊரில் தொழில் நடத்தப்போகிற நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்களிடம் உண்மையைச் சொன்ன ஒரு பட்டியல் எழுத்தரின் வேலை, நீங்கள் எழுதும் ஒரு வரியால் போகக் கூடாது.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்?

* சிக்கல்: எங்கே, யாருக்கு, எவ்வளவு நஷ்டம் என்று எண்ணோடு.
* முன்னால் சொன்னவர்கள்: புத்தகப் பட்டியல் போட்டால் போதாது; அவர்கள் சொன்னது நம் களத்துக்கு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று வாதிட வேண்டும்.
* முறை: இன்னொருவர் அதே வழியில் போய்ச் சரிபார்க்கும் அளவுக்குத் தெளிவாக.
* கண்டது: எதிர்பார்த்ததற்கு மாறாக வந்ததையும் சேர்த்து.
* செய்து பார்த்தது: ஒரு பருவம் மாற்றிச் செய்து, விளைவைக் கவனித்து, அடுத்த பருவத்தில் திருத்துவது. இதற்குச் 'செயல் ஆய்வு' என்று பெயர். குறுவை, சம்பா, தாளடி என்று பருவம் பருவமாக வேலை நடக்கும் டெல்டாவுக்கு இது அச்சாகப் பொருந்தும்.

எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது, ஏஐ இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மானியக் குழுவின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும்; 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. இயந்திரம் எழுதியது இந்தச் சோதனையில் தப்பிக்கலாம். ஆனால் வாய்மொழித் தேர்வில், "இந்த எண் எந்த ரிஜிஸ்டரில் இருந்து வந்தது?" என்று ஒருவர் கேட்டால் யார் பதில் சொல்வது?

கடைசியாக

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. டிபிஏ அறிக்கையோடு, களத்தில் உள்ளவர் படிக்கும்படி நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கட்டாயமாக்கலாம். ஆலை மேஸ்திரியும், கொள்முதல் நிலைய ஊழியரும், விவசாய சங்கத்துக்காரரும் அதைப் படித்துவிட்டு, "இது சரி, இது தப்பு" என்று சொல்லட்டும். வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்தைவிடக் கடினமான பரீட்சை அது. அதில் தேறிய அறிக்கைக்குச் சொந்தக்காரர் பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டால், ஊரே மனசார ஒத்துக்கொள்ளும்.