இஞ்சின் யாருடையது?

பெங்களூர் விமானத் தொழிற்சாலைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு சுரஞ்சன்தாஸ் ரோடு தெரியும். அந்தப் பெயருக்கு உரியவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தியாவில் வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானமான மாருத்தை, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாக வானில் ஏற்றியவர் அவர். 1970 ஜனவரியில் அதே மாருத்தைச் சோதித்துப் பார்க்கும்போது விழுந்து உயிர்விட்டார்.

ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் என்பதே திட்டம். அதற்காக 1956ல் ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்தார். நம் தொழிலாளிகள் விமானத்தைக் கட்டி முடித்தார்கள். இஞ்சின்தான் வரவில்லை. எதிர்பார்த்திருந்த புது இஞ்சினை முடித்துத் தர பிரிட்டிஷ் கம்பெனி பணம் கேட்டது. டில்லி மறுத்தது. பிறகு எகிப்தின் இஞ்சினை நம்பினோம். 1969ல் அவர்களே தங்கள் திட்டத்தை மூடிவிட்டார்கள். கடைசிவரை சக்தி குறைந்த பழைய இஞ்சினோடுதான் மாருத் பறந்தது. மொத்தம் 147 விமானங்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே உழைத்தன. ஆனால் அந்த இரட்டை மடங்கு வேகம் காகிதத்தோடு நின்றது. 1977ல் உற்பத்தியும் நின்றது.

"நம் ஆட்களுக்கு இதெல்லாம் வராது" என்று பேசுகிறவர்களுக்கு இதுவே பதில். குறை தொழிலாளியின் கையில் இல்லை. இஞ்சினுக்குச் செலவழிக்கத் துணியாத மேலிடத்தில் இருந்தது.

ஏழை நாட்டுக்குப் போர் விமானம் எதற்கு, அந்தப் பணத்தில் ரேஷன் அரிசி போடலாமே என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மிச்சம் பிடித்த பணம் அரிசிக்குப் போயிருந்தால் நாமும் வாயை மூடிக்கொள்வோம். அது போகவில்லை. விமானம் வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். அன்னியச் செலாவணி போய்க்கொண்டேதான் இருந்தது.

இன்றைக்கும் அதே கதை. தேஜஸ் விமானத்துக்கென்று 1989ல் தொடங்கிய காவேரி இஞ்சின், 2008ல் அதிலிருந்து கழற்றிவிடப்பட்டது. தேஜஸ் பறப்பது அமெரிக்க இஞ்சினில். 2021ல் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2024ல் வரத் தொடங்கியிருக்க வேண்டும். அவற்றுக்கான முதல் இஞ்சினே 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது.

தொழில் திறமை என்பது கோடவுனில் பூட்டி வைத்துப் பத்து வருஷம் கழித்து எடுக்கிற சாமான் அல்ல. மூத்த தொழிலாளி பக்கத்தில் நின்று இளையவன் கற்றுக்கொள்வது அது. வேலையை நிறுத்தினால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, சுதேசி விமானம் என்று மேடையில் யார் மார்தட்டினாலும் நாம் கைதட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்போம். இஞ்சின் யாருடையது? அதைச் செய்யக் கற்ற தொழிலாளிக்கு நாளைக்கும் வேலை உண்டா?