கோல்ப் மைதானத்துக் கதவு நம் பெண்களுக்குத் திறக்குமா?

ஆண்டாப் ஹில்லிலிருந்து செம்பூர் வெகுதூரம் இல்லை. ஜி.டி.பி. நகரில் ரயில் ஏறினால் சுனாபட்டி, குர்லா, திலக் நகர்; அடுத்த நிலையம் செம்பூர். அங்கே 1927-ல் தொடங்கப்பட்ட பாம்பே பிரசிடென்சி கோல்ப் கிளப் இருக்கிறது. மத்திய அரசுக் குடியிருப்பில் வசிக்கும் குமாஸ்தாவும், ஒற்றை அறையில் குடும்பம் நடத்தும் தொழிலாளியும் அந்தப் பக்கம் எத்தனையோ முறை போய் வந்திருப்பார்கள். உள்ளே போனவர்கள் எத்தனை பேர்?

கூட வரும் மகள், "அப்பா, உள்ளே என்ன விளையாடுறாங்க?" என்று கேட்டால், "அது பணக்காரங்க ஆட்டம்மா, நமக்கு எதுக்கு?" என்ற பதில்தான் வரும்.

இந்தப் பதிலில் பாதி உண்மை. மறு பாதி பழக்கதோஷம். அந்த மறு பாதியைப் பற்றிப் பெற்றோர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

ஓர் அடியில் போன பதக்கம்

2021 ஆகஸ்ட் மாதம் டோக்கியோ ஒலிம்பிக்கில் கோல்ப் ஆட்டத்தின் கடைசி நாளன்று, அதுவரை அந்த ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரியாத குடும்பங்களும் விடியற்காலையில் டெலிவிஷன் முன் உட்கார்ந்தன. காரணம், பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் என்ற 23 வயதுப் பெண்.

விதி எளிமையானது. 18 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போடுபவருக்கே வெற்றி. ஒலிம்பிக்கில் நான்கு நாள் ஆட வேண்டும். அதிதி நான்கு நாளும் 67, 66, 68, 68 என்று ஆடினார். மொத்தம் 269 அடி. அமெரிக்காவின் நெல்லி கோர்டா 267 அடியில் தங்கம் வென்றார். ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 268. ஒரே ஓர் அடி குறைந்திருந்தால், வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடந்த கூடுதல் ஆட்டத்தில் அதிதியும் நின்றிருப்பார். நான்காவது இடம் கிடைத்தது.

அப்போது உலக வரிசையில் அவருடைய இடம் 200. சில மாதங்களுக்கு முன்புதான் கோவிட் நோயில் படுத்து எழுந்திருந்தார். அவருடைய கனமான மட்டைப் பையைச் சுமந்துகொண்டு மைதானம் முழுவதும் கூட நடந்தவர் யார் தெரியுமா? அவரைப் பெற்ற தாய் மகேஸ்வரி. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் இதே பையைத் தந்தை சுமந்தார்.

எங்கே தொடங்கியது?

1998-ல் பிறந்த அதிதியின் வீட்டில் கோல்ப் ஆடியவர் யாரும் இல்லை. அவருக்கு 5 வயதாக இருக்கும்போது பெங்களூரில் குடும்பத்தோடு ஓர் உணவு விடுதிக்குப் போனார்கள். அங்கிருந்து பார்த்தால் கர்நாடக கோல்ப் சங்கத்தின் பயிற்சித் திடல் தெரியும். குழந்தை பார்த்தாள், கேட்டாள். "நமக்கு எதுக்கு?" என்று தந்தை சொல்லவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போனார். மட்டையைத் தொட்டுப் பார்க்க வழி இருந்தது. அவ்வளவுதான் தொடக்கம்.

2015-ல் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே பட்டம். 2016 ஜனவரியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அதே ஆண்டு நவம்பரில் இந்திய ஓபனை வென்று, ஐரோப்பியப் பெண்கள் சுற்றில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் எடுத்தார். அடுத்து கத்தாரிலும் வெற்றி. 2020-ல் அர்ஜுனா விருது. 2023-ல் கென்யாவிலும் ஸ்பெயினிலும் பட்டங்கள்.

சறுக்கலும் உண்டு. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கடைசி நாளுக்கு முன் 7 அடி முன்னணியில் இருந்தார். அன்று ஆட்டம் கை நழுவியது. 77 அடி ஆனது. தாய்லாந்துப் பெண் தங்கத்தை எடுத்துக்கொண்டார். அதிதிக்கு வெள்ளி. ஆசிய விளையாட்டில் கோல்ப் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. ஆனாலும் அன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மறு மாதமே ஸ்பெயினில் வென்று காட்டினார்.

சம்பளம் இல்லாத உத்தியோகம்

தொழில்முறை ஆட்டம் என்றால் பணம் கொட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. மாதச் சம்பளம் கிடையாது. இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பின்தங்கியவர்களை விலக்கிவிடுவார்கள். விலக்கப்பட்டவருக்குப் பொதுவாகப் பரிசுப் பணம் இல்லை. விமானக் கட்டணம், தங்கும் செலவு, பை சுமக்கும் உதவியாளரின் கூலி எல்லாம் கைப்பணம். நாக்காவில் நின்று வேலை தேடும் தொழிலாளிக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. வேலை கிடைத்த நாளுக்குத்தான் கூலி!

ஆகவே வசதி இல்லாதவர்கள் தயங்குவதைக் குறை சொல்ல முடியாது. அதிதியின் பெற்றோருக்குத் தாக்குப்பிடிக்க முடிந்தது. பிறவியிலேயே செவித்திறன் குறைந்த தீக்ஷா தாகர், 2019-ல் தென்னாப்பிரிக்க ஓபனை வென்று ஐரோப்பியச் சுற்றில் பட்டம் பெற்ற இரண்டாவது இந்தியப் பெண் ஆனார். அவருடைய தந்தை ராணுவ அதிகாரி. தாமே கோல்ப் ஆடுபவர். மைதானம் வீட்டுப் பிள்ளைக்கு அன்னியமாக இல்லை.

ஆண்களுக்குப் பின்வாசல், பெண்களுக்கு?

ஏழை வீட்டுப் பையன்கள் கோல்பில் ஜெயித்ததே இல்லையா? உண்டு. 1991-ல் இந்திய ஓபனை வென்ற அலி ஷேர், 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பா இருவரும் பிறருடைய மட்டைப் பையைத் தூக்கி நடந்தவர்கள். கூட நடந்து, கண்ணால் பார்த்து, கையால் பழகி ஆட்டத்தைக் கற்றார்கள். முன்வாசல் மூடியிருந்தாலும் அவர்களுக்குப் பின்வாசல் ஒன்று இருந்தது.

நம் நாட்டில் அந்தப் பின்வாசலும் பெண்களுக்கு இல்லை. பை தூக்கும் வேலை பெரும்பாலும் ஆண்களுடையது. தாய்லாந்தில் அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஏழைப் பெண்ணும் அங்கே தினந்தோறும் புல்வெளியில் நடக்கிறாள். இங்கே குமாஸ்தாவின் மகளோ, தொழிலாளியின் மகளோ கோல்ப் மட்டையைக் கண்ணால் பார்ப்பதே அரிது. அவளுக்கு யாராவது முன்வாசலைத் திறந்துவிட்டால்தான் உண்டு.

அது ஒன்றும் முடியாத காரியம் அல்ல. மும்பையிலுள்ள கோல்ப் கிளப்புகள் வாரத்தில் ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம், பயிற்சித் திடலை மட்டும், சுற்றுவட்டார முனிசிபல் பள்ளி மாணவிகளுக்கு ஒதுக்கலாம். உறுப்பினர்கள் கழித்துப்போட்ட மட்டைகளே தொடக்கத்துக்குப் போதும். திறமை தெரிகிற நாலு பேருக்குச் செம்பூர், மாகுல் பகுதியிலுள்ள பெரிய பொதுத்துறை நிறுவனங்கள் உதவித்தொகை கொடுக்கலாம். தமிழ்ச் சங்கங்களும் பள்ளி நிர்வாகங்களும் ஒன்று சேர்ந்து ஒரு மனு எழுதிக் கேட்டுப் பார்க்கட்டுமே. கேட்காமல் கதவு திறந்ததாகச் சரித்திரம் இல்லை.

"குடிதண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் திண்டாடும் இடத்தில் கோல்ப் ஒரு கேடா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தண்ணீர்தான் முதலில் வேண்டும். ஆனால் தண்ணீர் வரும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்கப் போவதில்லை. நூறு பெண்கள் போனால் ஓர் அதிதி வருவாரா என்பது நிச்சயமில்லை. நூறு பேருக்கும் உடல் உரம் வரும். பெரிய இடம் என்று மிரளாமல் நிமிர்ந்து நடக்கும் தைரியம் வரும்.

பாதிக் கதவு கிளப்பின் கையில் என்றால், மறு பாதி வீட்டில் இருக்கிறது. பெண் பிள்ளை பெரியவளானதும் "மைதானம் போதும், அடுப்படிக்கு வா" என்று அழைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. டோக்கியோவில் மகளின் பையைச் சுமந்த அந்தத் தாயை ஆண்டாப் ஹில் தாய்மார்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை செம்பூர் போகும்போது மகள் அதே கேள்வியைக் கேட்டால், "வாம்மா, வாசலில் போய்க் கேட்டுப் பார்ப்போம்" என்று தந்தை சொல்லட்டும். காவலாளி திருப்பி அனுப்பலாம். அனுப்பட்டும். கேட்பது தவறில்லை என்று அந்தப் பெண் அன்று தெரிந்துகொள்வாள்.