மீள்வது யாருடைய கூத்து?

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி இரவு, கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவில், 45 அடி உயரமான இயந்திர டிராகன் ஒன்று பார்வையாளர் கண்முன்னே தீப்பற்றி எரிந்தது. 1992 தொடக்கம் அங்கு நடந்துவந்த 'ஃபன்டாஸ்மிக்' என்னும் இரவுக் காட்சியின் உச்சக்கட்டத்தில் நெருப்பை உமிழ வேண்டிய பிராணி, தானே நெருப்பாயிற்று. காட்சி ஓராண்டுக்கு மேல் நின்றுபோனது. 2024 மே 24இல் அது மீண்டும் தொடங்கியபோது டிராகன் வரவில்லை. சூனியக்காரி மட்டும் நெடிதுயர்ந்து நின்றாள். இரசிகர் உலகம் இரண்டு பட்டது. டிராகன் இல்லாத காட்சியும் ஒரு காட்சியா என்றனர் ஒரு சாரார். காட்சி மீண்டதே போதும் என்றனர் மறு சாரார். எரிந்த இரவில் புகையைச் சுவாசித்துச் சிகிச்சை பெற்ற 6 ஊழியர்களைப் பற்றி இவ்விரு சாராரும் பேசியது மிகச் சொற்பம்.

ஆனால் அப்பூங்காவின் தொழிலாளர்கள் தம்மைப்பற்றித் தாமே பேசினர். காட்சி மீள்வதற்கு 6 நாள் முன்னர், மே 18இல், அங்கு வேடமணிந்து ஆடியும் ஊர்வலம் வந்தும் பிழைக்கும் ஏறக்குறைய 1,700 பேர் நடிகர் தொழிற்சங்கத்தில் இணைவது குறித்து அளித்த வாக்குகள் எண்ணப்பட்டன. ஆதரவு 953, எதிர்ப்பு 258. அடுத்த யூலையில் அப்பூங்காவின் பிற பிரிவுகளைச் சேர்ந்த 14,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு அங்கீகாரமளித்து, அதன் வலுவினால் மணிக்கு 24 டொலர் என்னும் அடிப்படைக் கூலியைப் பெற்றனர். டிராகன் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன, வேடத்தினுள்ளே வியர்த்துக்கொண்டிருப்பவன் ஒரு மனிதன் என்பதை உலகம் ஒரு கணம் ஒப்புக்கொண்டது.

எங்கோ நடந்த இச்செய்தியைப் புத்தளக் கரையோரத்தில் தமிழ் கற்பிக்கும் ஒருவன் ஏன் இழுத்துவருகிறான் என்று நண்பர்கள் வினவக்கூடும். நம் மத்தியில் நெடுநாளாக நடந்துவரும் ஒரு விவாதம் அச்சொட்டாக அதே அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறது என்பதே காரணம். சிதைந்துபோன இராக்கூத்து மீண்டும் வரவேண்டும் என்கிறோம். எப்படி வரவேண்டும் என்று சண்டையிடுகிறோம். விடிய விடிய ஆடவேண்டும் என்பார் ஒருவர். ஒன்றரை மணித்தியாலம் தாராளம் என்பார் மற்றொருவர். வட்டக்களரியா, படச்சட்ட மேடையா? மத்தளம் போதுமா, ஒலிபெருக்கி வேண்டுமா? பத்திரிகைகளிலும் கருத்தரங்குகளிலும் இவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆடுபவனின் மறுநாட் கூலி என்னவாகும் என்ற வினாவை மட்டும் எங்கும் காணேன்.

கூத்து எவ்வாறு சிதைந்தது என்பதை முதலில் நேர்மையாக நோக்கவேண்டும். 'மக்களின் இரசனை கெட்டுவிட்டது, சினிமா வந்தது, கூத்து போனது' என்று கூறி ஒதுங்குவது படித்தவர்களின் வழக்கம். வடக்கிலும் கிழக்கிலும் இரவைப் பறித்தது யுத்தம். ஊரடங்குச் சட்டம் உள்ள ஊரில் விடிய விடிய மத்தளம் அடிப்பது எங்ஙனம்? நமது கரையிலோ கதை வேறு. மன்னார் தொடங்கி நீர்கொழும்பு வரை நீண்டு கிடந்த கத்தோலிக்கக் கரையோரத்தின் கூத்து மரபு, மொழியோடு சேர்ந்து கரைந்தது. சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள மீனவர் ஊர்கள் பலவற்றில் பாடசாலைப் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியதும், பாட்டி தமிழிற் செபஞ்சொல்லப் பேரன் சிங்களத்தில் விடையிறுக்கும் வீடுகள் உண்டாயின. ஒரு தலைமுறைக்குள் கூத்துக் கொப்பியைப் படிக்க ஆளில்லாது போயிற்று. இதற்கு இரசனை என்ன செய்யும்?

ஆயினும் மறைந்த அந்தக் கூத்து முற்றாக மறைந்துவிடவில்லை என்பது இக்கரையின் வரலாற்றில் உள்ள வியப்பு. 'நாடகம' எனச் சிங்களவர் வழங்கும் கூத்து வடிவம், தமிழ்க் கத்தோலிக்கக் கூத்துக்களிலிருந்து பிறந்து மேற்குக் கரை வழியாகத் தெற்கு நோக்கிச் சென்றது. அதன் முதலாசிரியராகக் கருதப்படும் பிலிப்பு சிஞ்ஞோ ஒரு கொல்லர், பண்டிதரல்லர், பிரபுவுமல்லர். உலைக்களத்தில் இரும்படித்த கை எழுதிய வடிவத்தையே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர எடுத்து, 1956இல் 'மனமே' என்னும் நாடகமாக்கினார். இன்றுவரை சிங்கள நாடக உலகம் அந்த இரவிலிருந்தே தன் நவீன வரலாற்றை எண்ணுகிறது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே 1956இல்தான். பாராளுமன்றத்தில் தமிழுக்குக் கதவடைக்கப்பட்ட அதே ஆண்டில், கொழும்பு மேடையில் தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளை சிங்களம் பேசிக் கைதட்டல் வாங்கியது. இரு இனங்களுக்கும் பொதுவான உழைப்பாளர் சொத்து எவ்வளவு பெரியது என்பதை மாணவர்க்கு உணர்த்த இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பாடநூலில் இதற்கு ஒரு பந்தியேனும் ஒதுக்கினால் என்ன?

தமிழர் பக்கத்தில் பேராசிரியர் சு.வித்தியானந்தன் ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிடுவோர் நன்றி கொன்றவர்கள். கூத்தைக் கண்டு மூக்கைச் சுழித்த படித்த வர்க்கத்தை, அதே கூத்தின் முன் இருத்திப் பார்க்கச் செய்தவர் அவர். 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' மேடையேறியது. பின்னர் 'இராவணேசன்' வந்தது. மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க நாடகங்களான 'என்றீக் எம்பரதோர்', 'மூவிராசர்' ஆகியவற்றின் ஏடுகள் அவரது பதிப்பில் 1960களில் அச்சேறியிராவிடின், கறையான் அவற்றை என்றோ படித்து முடித்திருக்கும்.

அந்தப் பணியைப் போற்றிக்கொண்டே அதன் எல்லையையும் கூறவேண்டும். இரவு முழுவதும் ஆடிய கூத்து அங்கே சுருங்கியது. வட்டக்களரி ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையாயிற்று. சுருக்கியதை நான் குறையென்று கூறமாட்டேன். எந்த வடிவமும் கல்லிற் செதுக்கியதன்று. ஆடுவோர் மாறியதே முக்கியமான மாற்றம். மீனவனும் விவசாயியும் ஆடியதைப் பட்டதாரியாகப் போகும் மாணவன் ஆடினான். அவனைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். அவரது காலும் தாளமும் இன்றேல் 'கர்ணன் போர்' ஏது? ஆயினும் கூத்து மறுமலர்ச்சி என்றதும் எத்தனை மாணவர் வாயில் அவர் பெயர் வருகிறது? பேராசிரியர்களின் பெயர்களை ஒப்புவிக்கும் என் மாணவர்கள் அண்ணாவியாரை அறியார். அவர்களைப் பிழை சொல்லிப் பயனில்லை, நாம் கற்பிக்கவில்லை.

விடிய விடிய வேண்டும் என்று குரலெழுப்பும் தூய்மைவாதிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய கூத்தைப் பழையபடியே கொண்டுவா என்போர், பழைய கூத்தில் இருந்த சாதியையும் கொண்டுவரச் சொல்கிறார்களா? எவன் அரசனாக வேடங்கட்டலாம், எவன் பறையை மட்டும் அடிக்கலாம், எவன் களரிக்கு எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கலாம் என்பனவெல்லாம் எழுதாச் சட்டங்களாக இருந்த காலம் அது. பெண்வேடத்தை ஆண் கட்டினான். பெண்ணோ பாயிலிருந்து பார்த்தாள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நின்று போராடியபோது, அப்போராட்டத்தின் சூட்டிலேயே 'சங்காரம்', 'கந்தன் கருணை' ஆகியன கூத்தின் ஆட்டத்தையும் மெட்டையும் ஆயுதமாக ஏந்தின. கூத்து தூய்மையாக இருந்தபோதன்று, தூய்மையைக் கைவிட்டுத் தெருவிறங்கியபோதே அதன் உயிர் தெரிந்தது. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து 'எங்கள் ஊர்க் கூத்தைச் சுருக்காதீர்கள்' என்று எழுதும் அன்பர்களின் ஏக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர்கள் ஏங்குவது தமது பிள்ளைப்பருவத்துக்கு. அதற்காக இங்குள்ளவன் இரண்டு நாள் தொழிலை இழக்கவேண்டுமா?

இவர்கள் இருவரையும்விட ஆபத்தான மூன்றாமவர் நம் கரைக்கு வந்திருக்கிறார். கற்பிட்டிக் குடாநாட்டின் 14 தீவுகளைச் சுற்றி விடுதிகளும் கொல்ப் மைதானமும் விமானத் தளமுமாக வரையப்பட்ட உல்லாசப் பயணத் திட்டத்தை நாம் அறிவோம். மீனவர் அதனை எதிர்த்ததையும் அறிவோம். அத்தகைய விடுதி முற்றத்தில் இராப்போசனத்துக்கும் பழத்துக்கும் இடையே ஆடப்படும் கால்மணி நேரக் கூத்தும் ஒரு 'மீட்சி' என்றே விளம்பரஞ் செய்யப்படும். கரையை இழந்தவன் அதே கரையில் தன் பாட்டனின் முடியை அணிந்து, தன்னைக் கரையிலிருந்து துரத்தியவனின் விருந்தினருக்கு ஆடுவான். டிஸ்னிலாந்துத் தொழிலாளிக்காவது சங்கம் இருக்கிறது, நண்பர்களே.

கலை தொழிலோடு பிணைந்தது என்று நாம் வகுப்பில் அடிக்கடி கூறுகிறோம். அதைக் கண்ணாற் காணவேண்டுமாயின் உடப்புக்குச் செல்லலாம். திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்போன அந்த ஊரின் அம்பாப் பாடல்கள் கரைவலை இழுக்கும் கைகளுக்காகப் பிறந்தவை. கயிறு இழுபட வேண்டும். இழுப்பவர் எல்லோர் மூச்சும் ஒன்றாக வேண்டும். அதற்கு ஒருவன் எடுத்துக்கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடினர். உழவு இயந்திரத்திற் பூட்டிய வின்ச் வலையை இழுக்கத் தொடங்கிய கரைகளில் இப்பாட்டுக்கு வேலையில்லை. இன்று அதனை மேடையிற் பாடுகிறோம், கயிறில்லாமல், வெறுங்கையை இழுத்து இழுத்து. பார்ப்பதற்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் இருபது பேரின் பங்கு எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. வின்ச் வேண்டாமென்று நான் கூறவில்லை. முதுகு முறிய இழுத்தவனுக்கு இயந்திரம் ஆறுதல்தான். அந்த இயந்திரம் யாருடையது என்பதே வினா.

கூத்துக்கும் இதே நீதி. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு போட்டிக்காக மாணவர் சிலரைக் கூத்தில் பழக்கினேன். அரச வேடத்துக்கு வந்த பையன் தினமும் பிந்தி வந்தான், காற்சட்டையில் ஈரமணல். விடியற்காலையில் வலைக்குப் போய்வருகிறான். அவனுக்குத் தாளக்கட்டு மற்றெல்லோரையும் விடச் சுலபமாகப் பிடிபட்டது. கயிற்றைப் பற்றிப் பின்னோக்கி வைக்கும் அந்தக் காலடியே ஆட்டத்துக்கும் அடி என்று எனக்குத் தோன்றிற்று. (ஆராய்ச்சியாளர் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.) கொப்பியிலிருந்த கூத்தைப் பழக்கித் தந்தவர் அயலூர் முதியவர் ஒருவர். அவருக்கு நாங்கள் கொடுத்தது பஸ் கூலியும் ஒரு பொன்னாடையும். நடுவர் ஒருவர் எங்கள் உடுப்பில் 'கவர்ச்சி போதாது' என்று எழுதினார். நேரம் கடந்ததற்குப் புள்ளியும் குறைத்தார். புள்ளி போனதில் எனக்குத் துக்கமில்லை. அந்தப் பையன் சாதாரணதரப் பரீட்சைக்கு முன்னரே பாடசாலையை விட்டு முழுநேரமாகக் கடலுக்குப் போய்விட்டான். அதற்குப் புள்ளி குறைக்கும் நடுவர் யார்?

அந்த வகுப்பில் இந்துப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருந்தனர். 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்திற் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் இருந்தனர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கூத்து எது? மூவிராசரா, கர்ணனா? துரத்தப்பட்டவனின் கதைக்குக் களரியில் இடமில்லையாயின், நாம் மீட்பது ஒரு பகுதியாரின் சொத்தாகவே முடியும். மட்டக்களப்பில் சீலாமுனைக் கிராமத்தில் சி.ஜெயசங்கரும் அவரது தோழர்களும் 2000களின் தொடக்கத்திலிருந்து செய்துவந்த கூத்து மீளுருவாக்கத்தின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. ஆடும் மக்களோடு களத்தில் இருந்து, கொப்பியிலுள்ள சாதியையும் பெண்ணிழிவையும் அவர்களே விவாதித்து மாற்றும் வழியை அவர்கள் திறந்தனர். அம்முறையிலும் குறைகாண்போர் உளர். அறிவாளி கிராமத்துக்குப் போனாலும் அறிவாளியே என்பர். இருக்கலாம். ஆயினும் எவ்வளவு நேரம், எந்தக் கதை, எவர் ஆடுவது என்னும் முடிவுகள் அங்கே பார்வையாளர் கையிலிருந்து ஆடுவோர் கைக்கு நகர்ந்தன. நம் கரையில் அது இன்னும் நடக்கவில்லை.

ஆகவே கூத்தை மீட்கப் புறப்படும் மாணவ நண்பர்களிடம் சில வேண்டுகோள்கள். எத்தனை மணித்தியாலம் என்ற வாதத்தைச் சற்றே ஒத்திவையுங்கள். முதலில் கொப்பிகளைத் தேடுங்கள். சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள ஊர்களில் சிங்களம் மட்டும் பேசும் வீடுகளின் பெட்டகங்களையும் விடாதீர்கள். வீட்டார்க்கு அதன் எழுத்து விளங்காவிடின் அருகிலிருந்து வாசித்துக் காட்டுங்கள். மெட்டு விளங்கும். அண்ணாவியாருக்குப் பொன்னாடையை நிறுத்திச் சம்பளம் கொடுங்கள்; ஆசிரியர் சங்கக் கிளைகள் அதற்கு நிதி திரட்டலாம். திகதியை மண்டபம் கிடைக்கும் நாளைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம். சோளகம் எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கரைக்குச் சென்று, எந்த இரவில் உங்களுக்கு ஓய்வு என்று வலைக்காரர்களிடம் கேளுங்கள். அவர்கள் இரண்டு மணித்தியாலம் என்றால் இரண்டு. விடியும் வரை என்றால், பாயோடு நாம் போவோம்.