நிறுவல் ஊடகமும் செய்முறைக் குறிப்பும்

ஒரு பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள முப்பது கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ நேரும்போது, ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து ஒரே வினாக்களுக்கு ஒரே விடைகளை அளித்தல் வீண் உழைப்பாகும். இணைய வசதி குன்றிய கள நிலையங்களில், வேண்டிய மென்பொருள்களைப் பின்னர்த் தருவித்துக் கொள்வதும் எளிதன்று. ஆதலின், தமிழ் எழுத்துருக்களையும் தேவையான மென்பொருள்களையும் உள்ளடக்கிய தனி நிறுவல் ஊடகம் ஒன்றைப் பென் டிரைவில் ஆயத்தம் செய்து கொள்வது விரும்பத்தக்கதே. இத்தகைய மாற்றம் நம் நாட்டிற்குப் புதிதன்று. டெபியனை அடிப்படையாகக் கொண்டே சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் 'பாஸ்' இயங்குதளத்தை வெளியிட்டது. கேரளத்தின் கைட் நிறுவனம் உபுண்டுவிலிருந்து பள்ளிகளுக்கென ஓர் இயங்குதளத்தை அமைத்துள்ளது.

டெபியனில் இதற்குரிய முறை கடினமானதன்று. மூல ஐ.எஸ்.ஓ. கோப்பை விரித்து, மொழி, நேர மண்டலம், மென்பொருள் பட்டியல் முதலிய வினாக்களுக்குரிய விடைகளைப் 'பிரிசீட்' என்னும் எழுத்துக் கோப்பில் எழுதிச் சேர்த்து, மீண்டும் ஒரே கோப்பாகக் கட்டுதல் வேண்டும்.

ஆயினும், பென் டிரைவைப் பத்திரப்படுத்திவிட்டு அதன் செய்முறையைக் கைவிடுவது பெருந்தவறாகும். டெபியனின் நிலையான பதிப்பிற்கு ஏறத்தாழ இரு திங்களுக்கு ஒருமுறை திருத்தங்கள் தொகுத்து வெளியிடப்படுகின்றன. பழைய ஊடகத்தில் அவை இரா. அதனைச் செய்தவர் மாற்றலாகிச் சென்றபின், உள்ளிருப்பது யாதென அறிவாரும் இரார். எனவே விடைக் கோப்பு, மென்பொருள் பட்டியல், மூலப் பதிப்பின் எண், அதன் சரிபார்ப்புத் தொகை ஆகியவை அலுவலகப் பதிவேட்டில் இடம்பெறுதல் அவசியம். அவை இருப்பின், எவரும் எப்பொழுதும் ஊடகத்தைப் புதிதாக ஆக்கிக் கொள்ளலாம்.

எல்லா வினாக்களுக்கும் முன்கூட்டியே விடை எழுதிவிடுவதும் தகாது. நிலைவட்டை அழித்துப் பிரிப்பதற்கான இறுதி ஒப்புதலைக் கணினியின் முன் இருப்பவருக்கே விட்டுவைத்தல் வேண்டும். பல்லாண்டு மழையளவுப் பதிவுகளோ மாணவர் மதிப்பெண்களோ அடங்கிய கணினி ஒன்று அந்தப் பென் டிரைவிலிருந்து தவறுதலாகத் துவக்கப்பெற்றால், ஒரு சொல்லும் கேளாமலே யாவும் அழிந்துபோகும். கடவுச்சொல்லையும் அவ்வாறே வெளிப்படையாக எழுதிவைத்தல் ஆகாது. பென் டிரைவைக் கையிலெடுக்கும் எவரும் அதனைப் படித்துவிடக் கூடும்.

உழைப்பைக் குறைப்பதற்காகவே இவ்வூடகம் தோன்றியது. அழிக்கலாமா என்னும் ஒரு வினாவுக்கு விடையளிக்கும் உழைப்பை மட்டும் மிச்சப்படுத்த முயலாதிருப்பதே விவேகமாகும்.