தொலைந்தது பைலா, அது இருக்கும் இடமா?

சென்ற மாதம் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு அக்கா வீட்டிலிருந்து போன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் அழுதுகொண்டே பேசினாள். “மாமா, சயின்ஸ் ப்ராஜெக்ட் மொத்தமும் போயிடுச்சு. 14 பக்கம். நாளைக்குக் காலைல கொடுக்கணும்.”

பின்னாலேயே அக்கா போனை வாங்கினார். “டேய், டெலீட் ஆன பைலை மீட்டுத் தரும்னு ஒரு ஆப் இறக்கி வெச்சிருக்கேன். அதுல வரலைன்னா டேப்ளட்டை ரீசெட் பண்ணிப் பார்க்கட்டுமா?”

“ரெண்டையும் தொடாதக்கா” என்றேன். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. தம்பி கேம் விளையாட டேப்ளட்டைக் கேட்டிருக்கிறான். பள்ளியில் கொடுத்த கூகுள் அக்கவுண்ட் இருந்தால் கேம் இறங்கவில்லை என்று, அக்கா அதனை நீக்கிவிட்டுத் தன் அக்கவுண்ட்டைப் போட்டிருக்கிறார். பைல் பள்ளி அக்கவுண்ட்டில் இருந்தது. பாஸ்வேர்டு ஸ்கூல் டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மீண்டும் லாக் இன் செய்தவுடன் ப்ராஜெக்ட் வந்துவிட்டது. ஆனால் 12 பக்கங்கள்தான். கடைசி இரண்டு பக்கங்களை மாலையில் கரண்ட் இல்லாத நேரத்தில் டைப் செய்திருக்கிறாள். கரண்ட் இல்லாததால் வைபை இல்லை. எனவே அவை டேப்ளட்டில் மட்டுமே இருந்தன. நெட் வருவதற்குள் அக்கவுண்ட்டை நீக்கியதால் அவையும் போய்விட்டன. குழந்தை இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து அதனை மீண்டும் டைப் செய்தாள்.

இதில் யார் மீது தவறு? அக்கா மீதா, அவள் மீதா? இருவர் மீதும் இல்லை என்பதே என் கருத்து. பைல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டபோது, சேவ் செய்தால் எந்த டிரைவ், எந்த போல்டர், என்ன பெயர் என்று கேட்கும். தொல்லையாக இருந்தாலும் பைல் ஓர் இடத்தில் இருக்கிறது என்பது மனதில் பதிந்தது. டேப்ளட்டில் அந்தக் கேள்வியே பெரும்பாலும் வருவதில்லை. ஐபேட் 2010ல் வந்தது. பைல்களைப் பார்ப்பதற்கென்று ஆப்பிள் தந்த பைல்ஸ் ஆப் 2017ல்தான் வந்தது. வசதிதான். ஆனால் காணாமல் போனால் எங்கே தேடுவது என்று குழந்தைக்குத் தெரிவதில்லை.

ரெகவரி ஆப் ஏன் வேண்டாம் என்றேன்? பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பைலை அழித்தால், அதன் முகவரிதான் முதலில் அழியும். தகவல் சில காலம் அப்படியே கிடக்கும். அதனால் ரெகவரி சாப்ட்வேர் உதவியது. டேப்ளட்டில் இருப்பது பிளாஷ் மெமரி. அழித்த பைல்களின் இடத்தைத் துடைத்து வைக்கும் ஏற்பாடு ஆண்ட்ராய்டில் 4.3 பதிப்பிலேயே, 2013ல், வந்துவிட்டது. 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10லிருந்து புதிய சாதனங்கள் அனைத்திலும் தகவல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டே இருக்க வேண்டும். உண்மையிலேயே அழிந்த டாகுமெண்ட்டை சாதாரண ஆப் ஒன்று மீட்டுத் தரும் என்று நம்ப வேண்டாம். அது கேட்கும் அனுமதிகளுக்கு ஓகே கொடுத்து, உங்கள் போட்டோக்களையும் அதன் கையில் ஒப்படைக்காதீர்கள்.

எனவே பதற்றத்தில் எதையும் நீக்காதீர்கள். லாக் அவுட், அன் இன்ஸ்டால், கிளியர் டேட்டா, ரீசெட் ஆகிய நான்கும் வேண்டாம். முதலில் டைப் செய்த ஆப்பைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தட்டி, எந்த அக்கவுண்ட் என்று பாருங்கள். அடுத்து ‘ரீசன்ட்’ பட்டியலைப் பாருங்கள். குழந்தைகள் பெயர் வைக்காமல் விட்ட பைல், ‘அன்டைட்டில்டு டாகுமெண்ட்’ என்று அங்கே இருக்கலாம். பின்னர் குப்பைத் தொட்டி. கூகுள் டிரைவில் ட்ராஷ், ஐபேடின் பைல்ஸ் ஆப்பில் ‘ரீசன்ட்லி டெலீட்டட்’ ஆகியவற்றில் 30 நாட்கள் இருக்கும். ட்ராஷிலிருந்தும் அழிந்துவிட்டதா? பள்ளி தந்த கூகுள் அக்கவுண்ட் என்றால், மேலும் 25 நாட்களுக்குள் பள்ளியின் அட்மினிஸ்ட்ரேட்டர் மீட்டுத் தர முடியும். வெட்கப்படாமல் கம்ப்யூட்டர் ஆசிரியரிடம் கேளுங்கள்.

பைல் இருக்கிறது, உள்ளே எழுதியதுதான் அழிந்துவிட்டது என்றால், கூகுள் டாக்ஸை ஒரு கம்ப்யூட்டரில் திறந்து, பைல் மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ செல்லுங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில் என்ன எழுதப்பட்டது என்று காட்டும். அன்றிரவு அக்கா மகளின் பெரிய பயம் மதிப்பெண் அல்ல. “டேப்ளட் மேல பழி போடறேன்னு மிஸ் நினைப்பாங்க மாமா” என்பதுதான். உண்மையாக உழைத்த குழந்தைக்கு இந்த ஹிஸ்டரியே சாட்சி. ஆசிரியர்கள் திட்டும் முன் ஒருமுறை அதனைக் கேட்டுப் பார்க்கலாம்.

டேப்ளட்டில் பாடம் நடத்தும் பள்ளிகள், முதல் வாரத்தில் ஒரே ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்க வேண்டும். ஒரு பைலை உருவாக்கி, பெயர் வைத்து, அழித்து, மீண்டும் எடுக்கச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் போதும். பள்ளி செய்யவில்லை என்றால் இந்த ஞாயிறு வீட்டில் நீங்களே செய்திடுங்கள். முடித்த பாடத்தைப் பிடிஎப் ஆக மாற்றி அம்மா, அப்பாவின் மெயிலுக்கு அனுப்பும் பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள்.

அக்கா வீட்டில் இப்போது அந்த பாஸ்வேர்டு டைரியில் மட்டுமல்ல, அக்காவின் நோட்டிலும் இருக்கிறது. கேம் விளையாடத் தம்பி அக்காவின் போனைத்தான் கேட்கிறான்.