தோட்டத்துச் சூரிய விளக்கும் அதன் பாட்டரியும்

இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர்க்கு வரப்பிலும் கிணற்றோரத்திலும் சிறிது வெளிச்சம் இருப்பது உயிருக்கே காப்பாகும். இதன்பொருட்டு வாங்கி நடப்பெறும் சூரிய விளக்குகள், இரண்டொரு வருஷத்தில் மங்கியதும், உதவாதவையென்று மூலையில் எறியப்படுகின்றன. இவ்வழக்கம் தவறென்பது எமது அபிப்பிராயம்.

பெரும்பாலும் கெடுவது விளக்கன்று, அதனுள்ளிருக்கும் பாட்டரியே. சிறு விளக்குகள் பலவற்றில் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரி அமைந்துள்ளது. தினந்தோறும் பகலில் மின்சாரம் ஏறி இரவில் இறங்குவதால், 1 முதல் 3 வருஷங்களில் அதன் சக்தி குன்றுவது இயல்பே. லாடம் தேய்ந்தால் லாடத்தை மாற்றுகிறோமேயன்றி மாட்டை விற்பதில்லை.

ஆகையால், முதலில் தகட்டின்மேற் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்து, மரநிழல் படாத இடத்தில் இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்துப் பார்க்கவேண்டும். அப்பொழுதும் நெடுநேரம் எரியாவிடில், பாட்டரி பொருந்துமிடத்திலுள்ள களிம்பைச் சுரண்டி நீக்கி, அதே இனமும் அதே வோல்ட்டும் உள்ள புதியதை இடுக. டார்ச் விளக்குக்குரிய சாதாரண பாட்டரியை ஒருபோதும் இடலாகாது. அது மீண்டும் மின்சாரம் ஏற்றுதற்கு உரியதன்று. கசிந்து விளக்கையும் கெடுக்கும்.

பழைய பாட்டரிகளை வயலிலோ கிணற்றிலோ எறிதல் கூடாது. 2022-ம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. கிராம உத்தியோகஸ்தர்கள் அவற்றை ஓரிடத்தில் சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்வது சிலாக்கியம்.

ஒரு பாட்டரியின் விலைக்கு அஞ்சி வரப்பை இருளில் விடுவது சிக்கனமாகாது.